பூட்டப்பட்ட கோப்புகள்: பணம் அனுப்புவதற்கு முன்

வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்புப் பணி செய்யும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். வீடியோ தொகுப்பதற்கான விலை உயர்ந்த மென்பொருள் ஒன்றின் 'கிராக்' பதிப்பை, அதாவது காசு கொடுக்காமல் ஓடும்படி பூட்டு உடைத்த பிரதியை, அவர் இணையத்தில் தேடி எடுத்திருக்கிறார். அது கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஜிப் கோப்பாக வந்தது. நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடும்படி உடனிருந்த குறிப்பு சொல்ல, அவரும் அணைத்தார். மென்பொருள் திறக்கவே இல்லை. சற்று நேரத்தில் விண்டோஸ் அப்டேட் நடப்பதாக ஒரு சாளரம் தோன்றியது. கணினி மெதுவானதற்கு அதுவே காரணம் என்று எண்ணி, அப்படியே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்து பார்த்தபோது ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் அவர் இதுவரை கண்டிராத நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எந்தக் கோப்பும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்ற உரைக்கோப்பு இருந்தது. 999 டாலர் கட்ட வேண்டும், 72 மணிநேரத்துக்குள் தொடர்புகொண்டால் 499 டாலர் போதும் என்று அதில் எழுதியிருந்தது. பதற்றத்தில் மறுநாள் காலை, காப்புநகல் வைத்திருந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை அதே கணினியில் செருகியிருக்கிறார். சில நிமிடங்களில் அதிலிருந்த கோப்புகளும் அவர் கண்ணெதிரே பூட்டிக்கொண்டன. பதினோரு ஆண்டுக் குடும்பப் புகைப்படங்கள், மகளின் ஆய்வேட்டு வரைவு, வாடிக்கையாளர்களின் ஆவணங்கள் எல்லாம் அவற்றில் அடக்கம்.

அவர் கேட்பவை இவை: பணம் கட்டிவிடலாமா? எப்படியும் திறந்து தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் ஒருவரை நம்பலாமா? ஆன்டிவைரஸ் ஐந்து வைரஸ்களை நீக்கிய பிறகும் கோப்புகள் ஏன் திறக்கவில்லை? ஃபார்மட் செய்தால் சரியாகுமா? சாதாரண ஆளான என்னை ஏன் குறிவைத்தார்கள்? முன்கூட்டியே இதைக் கண்டுபிடித்திருக்க வழியே இல்லையா?

அன்புள்ள வாசகிக்கு,

"என் முட்டாள்தனத்தால் மகளின் ஆறு மாத உழைப்பு போய்விட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். கிராக் மென்பொருளைத் தேடியது தவறுதான். அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்ன அந்தக் குறிப்பு, ஜிப்பின் மேல் போட்ட கடவுச்சொல், அப்டேட் போலத் தெரிந்த அந்தச் சாளரம் ஆகிய மூன்றும் உங்களைப் போன்றவர்களை ஏமாற்றுவதற்கென்றே, இதையே தொழிலாகக் கொண்டவர்கள் யோசித்து அமைத்தவை. கோப்புகளைப் பூட்டியவர்கள் அவர்கள். அந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டாம். அடுத்த சில மணிநேரத்துக்கு உங்களுக்குத் தெளிவான மனம் தேவைப்படுகிறது.

நீங்கள் விவரித்துள்ள அறிகுறிகள் அனைத்தும் 'ஸ்டாப் டிஜேவு' என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் தீநிரல்) குடும்பத்தோடு அப்படியே பொருந்துகின்றன. 2018 முதல் பரவலாகக் காணப்படும் இது, பெரிய நிறுவனங்களை விட வீட்டுக் கணினிகளையும் சிறு தொழில் செய்பவர்களையுமே அதிகம் பாதித்துவருகிறது. நீங்கள் கேட்டவற்றுக்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

முதலில் கடவுச்சொற்கள்

கடிதம் முழுவதும் பூட்டப்பட்ட கோப்புகளைப் பற்றியே இருக்கிறது. அது இயல்புதான், கண்ணுக்குத் தெரியும் இழப்பு அதுதான். ஆனால் இந்த ரான்சம்வேர் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. 2019-இல் 'அசோரல்ட்' என்ற தகவல் திருடும் நிரலையும், பின்னர் 'விடார்', 'ரெட்லைன்' போன்றவற்றையும் சேர்த்தே கணினிகளில் இறக்கியிருக்கிறது. கிராக் கோப்புகளை விநியோகிப்பவர்களும் ஒரே பொதியில் பல தீநிரல்களைக் கட்டி அனுப்புவது வழக்கம். உங்கள் ஆன்டிவைரஸ் ஐந்தை நீக்கியது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஐந்தில் கோப்புகளைப் பூட்டியது ஒன்று மட்டும்தான் என்றால், மற்ற நான்கும் என்ன செய்துகொண்டிருந்தன என்பதே இப்போது கேட்க வேண்டிய கேள்வி.

தகவல் திருடும் நிரல்கள் ப்ரௌசரில் சேமித்துவைத்த கடவுச்சொற்கள், தானாக நிரப்பும் விவரங்கள், நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதைத் தளங்களுக்கு நினைவூட்டும் குக்கிகள் ஆகியவற்றைச் சில நிமிடங்களில் அள்ளி அனுப்பிவிடக்கூடியவை. பூட்டப்பட்ட கோப்பு நாளைக்கும் அதே நிலையில்தான் இருக்கும். திருடுபோன மின்னஞ்சல் கணக்கு நாளைக்கு உங்களிடம் இல்லாமலே போகலாம். ஆகவே இதைப் படித்து முடித்ததும், அந்தக் கணினியைத் தொடாமல், பாதிக்கப்படாத வேறொரு கணினியிலிருந்தோ உங்கள் கைபேசியிலிருந்தோ கடவுச்சொற்களை மாற்றத் தொடங்குங்கள். மின்னஞ்சல் முதலில், வங்கி அடுத்து, மற்றவை பிறகு. மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றும் வழி மின்னஞ்சல்தான் என்பதால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இதில் பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. குக்கி திருடுபோயிருந்தால் அதை வைத்திருப்பவர் கடவுச்சொல் கேட்கப்படாமலேயே உங்கள் கணக்கினுள் உட்கார்ந்திருக்க முடியும். நீங்கள் கடவுச்சொல்லை மாற்றினாலும் சில சேவைகளில் அந்த அமர்வு தொடரலாம். ஆகவே ஒவ்வொரு கணக்கிலும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். மின்னஞ்சல் அமைப்புகளில் உங்களுக்கு வரும் கடிதங்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் விதி ஏதும் புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கணினிக்குள் நடந்தது என்ன

நீங்கள் இயக்கிய கோப்பு முதலில் ஓர் இணைய முகவரியைத் தொடர்புகொண்டு உங்கள் கணினி எந்த நாட்டில் இருக்கிறது என்று பார்த்திருக்கும். ரஷ்யா, பெலாரஸ், கஜகஸ்தான் உள்ளிட்ட சில நாடுகள் என்றால் எதுவும் செய்யாமல் அது வெளியேறிவிடும். மற்ற இடங்களில், பயனருக்கு உரிய 'ஆப்டேட்டா' ஃபோல்டருக்குள் நீண்ட குழப்பமான பெயரில் ஒரு ஃபோல்டரை உருவாக்கி, அதில் தன்னை நகலெடுத்து வைத்துக்கொண்டு, அந்த ஃபோல்டரை எளிதில் அழிக்க முடியாதபடி அனுமதிகளையும் மாற்றிவிடும். கணினியைத் திறக்கும்போதெல்லாம் தான் மீண்டும் எழும் வகையில் 'சிஸ்ஹெல்பர்' என்ற பதிவை விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியிலும், 'டைம் ட்ரிகர் டாஸ்க்' என்ற வேலையைக் குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரிலும் போட்டுவைக்கும். விண்டோஸ் தானாக எடுத்துவைக்கும் நிழல் நகல்களை அழிக்கவும் கட்டளையிடும்.

உங்கள் ஹார்ட் டிஸ்க் மறுநாள் ஏன் பூட்டப்பட்டது என்பதற்கு விடை அந்த டாஸ்க்தான். அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த நிரலை மீண்டும் ஓட்டுகிறது. நீங்கள் டிஸ்க்கைச் செருகினீர்கள். அடுத்த சுற்று வந்தது. புதிதாகக் கிடைத்த டிரைவையும் அது மேய்ந்துவிட்டது. "எல்லாம் முடிந்துவிட்டது, இனி என்ன ஆகப்போகிறது" என்ற எண்ணத்தில் செருகியதாக எழுதியிருக்கிறீர்கள். பூட்டி முடித்த பிறகும் நிரல் விழித்துக்கொண்டிருக்கும் என்பது பொதுவாக யாருக்கும் தோன்றாத விஷயம். அதனால் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: அந்தக் கணினியில் விண்டோஸ் ஓடும்போது பென் டிரைவோ, மெமரி கார்டோ, கைபேசியோ எதையும் இனி இணைக்க வேண்டாம்.

இது 2017 மே மாதம் பரவிய 'வான்னாக்ரை' போல விண்டோஸின் ஓட்டை வழியே கணினிக்குக் கணினி தானாகத் தாவும் புழு அல்ல. இணைக்கப்பட்ட டிரைவுகளையும், டிரைவாகப் பொருத்திவைத்துள்ள பிணையப் பகிர்வுகளையும் இது தொடும். அதே வைஃபையில் இருக்கும் உங்கள் மகளின் மடிக்கணினிக்கு, பகிர்வு ஏதும் இல்லாத பட்சத்தில், இந்தப் பூட்டு தானாகப் போயிருக்க வாய்ப்பில்லை.

இனி பூட்டைப் பார்ப்போம். ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் ஐந்து பைட்டுகளை இது தொடுவதில்லை. அதற்குப் பிறகு ஏறத்தாழ 150 கிலோபைட் வரை 'சால்சா20' என்ற முறையில், ஒரு சாவியைக் கொண்டு குறியாக்கம் செய்கிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுகிறது. அதற்கு மேல் கோப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மிச்சப் பகுதியை அப்படியே விட்டுவிடுகிறது. வேகமாக முடிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். கோப்புக்குக் கோப்பு வேறுபடும் அந்தச் சாவியை 'ஆர்எஸ்ஏ' முறையின் 2048 பிட் பொதுச்சாவியால் (பூட்ட மட்டுமே உதவும், திறக்க உதவாத சாவி) பூட்டி, கோப்பின் வாலில் ஒட்டிவிடுகிறது. அதைத் திறக்கும் தனிச்சாவி குற்றவாளிகளிடம் மட்டுமே இருக்கும்.

ஆன்டிவைரஸ் ஓடிய பிறகும் கோப்புகள் ஏன் திறக்கவில்லை என்ற கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. ஆன்டிவைரஸ் பூட்டியவனை வெளியேற்றுகிறது. சாவி அதனிடம் கிடையாது. ஃபார்மட் செய்வதும் அப்படியே, அதைவிட மோசமாக, பூட்டிய பெட்டிகளையும் சேர்த்து எரித்துவிடும். கோப்பின் பெயரிலிருந்து அந்த நான்கு எழுத்துகளை நீக்கிப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். உள்ளடக்கம் மாறிவிட்ட பிறகு பெயரைத் திருத்துவதால் பயனில்லை. பாதகமும் இல்லை, ஆனால் இனி எதையும் பெயர் மாற்றாதீர்கள். எந்த வகை என்று அறிய அந்த நான்கு எழுத்துகள் தேவை.

அடையாளத்தின் கடைசி இரண்டு எழுத்துகள்

உங்கள் கோப்புகளுக்கு எதிர்காலம் உண்டா என்பதை ஓரளவு இப்போதே சொல்லிவிடக்கூடிய ஒரு தடயம் உங்கள் கையில் இருக்கிறது. அந்த 'ரீட்மீ' கோப்பின் கடைசியில் நீண்ட எழுத்துச் சரம் ஒன்று 'பெர்சனல் ஐடி' என்று தரப்பட்டிருக்கும். சி டிரைவில் 'சிஸ்டம்ஐடி' என்ற ஃபோல்டருக்குள்ளும் அது சேமிக்கப்பட்டிருக்கும்.

பூட்டத் தொடங்கும் முன் இந்த நிரல் தன் எஜமானர்களின் சர்வரைத் தொடர்புகொள்ள முயல்கிறது. உங்கள் பிணைய அட்டையின் முகவரியிலிருந்து உருவாக்கிய ஓர் அடையாளத்தை அனுப்பி, உங்களுக்கென்றே ஒரு பொதுச்சாவியைப் பெறுகிறது. இதை 'ஆன்லைன் சாவி' என்கிறோம். அந்த நேரத்தில் சர்வர் முடங்கியிருந்தாலோ இணையம் அறுந்திருந்தாலோ, நிரலுக்குள்ளேயே எழுதிவைத்த பொதுவான ஒரு சாவியைப் பயன்படுத்திவிடுகிறது. இது 'ஆஃப்லைன் சாவி'. ரான்சம்வேரின் அதே வகையால் ஆஃப்லைனில் பூட்டப்பட்ட எல்லோருக்கும் சாவி ஒன்றே. யாரோ ஒருவர் பணம் கட்டிப் பெற்ற சாவியை ஆய்வாளர்களிடம் கொடுத்துவிட்டால், மற்றவர்கள் அனைவரின் கோப்புகளும் இலவசமாகத் திறக்கும்.

எது உங்களுடையது என்று கண்டுபிடிக்கும் வழி எளியது. ஐடியின் இறுதி, ஆங்கிலத்தின் சிறிய 't' எழுத்தும் அதையடுத்த 1 என்ற எண்ணுமாக (t1) இருந்தால் அது ஆஃப்லைன் சாவி. வேறு எழுத்துகளில் முடிந்தால் ஆன்லைன் சாவி. நடுவில் இணையம் போய் வந்திருந்தால், 'சிஸ்டம்ஐடி' ஃபோல்டரில் இருக்கும் கோப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட ஐடிகள் வரிசையாக இருக்கவும் கூடும், ஒவ்வொன்றையும் பாருங்கள். சில கோப்புகள் ஒரு சாவியிலும் சில இன்னொன்றிலும் பூட்டப்பட்டிருக்கலாம்.

2019 ஆகஸ்டுக்கு முன்பு வந்த பழைய வகைகளில் குறியாக்கம் பலவீனமாக இருந்தது. ஆய்வாளர் மைக்கேல் கில்லெஸ்பியும் எம்சிசாஃப்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனமும் சேர்ந்து 2019 அக்டோபரில் 148 வகைகளுக்கான இலவசத் திறப்புக் கருவியை வெளியிட்டார்கள். பழைய வகைகளில், பூட்டப்பட்ட ஒரு கோப்பும் அதன் பூட்டப்படாத அசல் பிரதியும் கையில் இருந்தால் அதே கோப்பு வகையைச் சேர்ந்த மற்றவற்றையும் திறக்க வழி கிடைத்தது. அந்தப் பொற்காலத்தைப் பற்றிய குறிப்புகள் இணையத்தில் இன்னும் உலவுவதால், தங்களுக்கும் அது பொருந்தும் என்று பலர் நம்பி ஏமாறுகிறார்கள். 2019 ஆகஸ்டுக்குப் பின் வந்த வகைகள் முறையான ஆர்எஸ்ஏவுக்கு மாறிவிட்டன. ஆன்லைன் சாவியில் பூட்டப்பட்ட புதிய வகைக் கோப்புகளை, அந்தத் தனிச்சாவி இல்லாமல், இன்றைய நிலையில் யாராலும் திறக்க முடியாது. இதை உங்களிடம் மறைத்து ஆறுதல் சொல்வது உங்களுக்குச் செய்யும் தீங்காகும்.

இந்தக் குடும்பம் என்று உறுதி செய்துகொள்ள, ரான்சம்வேரை அடையாளம் காட்டும் 'ஐடி ரான்சம்வேர்' தளத்தில் 'ரீட்மீ' கோப்பையும் பூட்டப்பட்ட ஒரு கோப்பையும், அந்தரங்கமானது எதுவும் இல்லாததாகப் பார்த்து, பதிவேற்றுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்திலும் இலவசக் கருவிகள் கிடைக்கும். கருவிகளை இந்த இடங்களிலிருந்தோ எம்சிசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். 2020-இல் 'சோராப்' என்ற வேறொரு ரான்சம்வேர், டிஜேவுவைத் திறக்கும் கருவி என்ற வேடத்தில் பரவி, ஏற்கெனவே பூட்டப்பட்டிருந்த கோப்புகளை இரண்டாவது முறையாகப் பூட்டியது. தவித்து நிற்பவரிடமே மீண்டும் கொள்ளையடிக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை இந்தப் பணியில் நான் எத்தனை முறை பார்த்தாலும் மனம் பழக மறுக்கிறது.

இப்போதும் மீட்கக்கூடியவை

ஆன்லைன் சாவி என்றே தெரியவந்தாலும் எல்லாம் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். முதல் 150 கிலோபைட் மட்டுமே கெடுகிறது என்று சொன்னேன் அல்லவா, பெரிய கோப்புகளுக்கு அதுவே உயிர்நாடி.

வீடியோ. ஒரு ஜிகாபைட் வீடியோவில் தொடக்கத்தின் சிறு துண்டுதான் பாழாகியிருக்கும். அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று கையில் இருந்தால், அதை மாதிரியாகக் கொண்டு பூட்டப்பட்ட வீடியோவின் பெரும்பகுதியைச் சரிசெய்யும் கருவிகள் இருக்கின்றன. முதல் சில நொடிகள் போகும்.

ஜிப் போன்ற தொகுப்புகள். ஜிப் கோப்பில் உள்ளடக்கப் பட்டியல் கடைசியில்தான் இருக்கிறது. 'செவன்ஜிப்' போன்ற மென்பொருளில் திறந்தால், முதலில் இருக்கும் ஒன்றிரண்டு கோப்புகளைத் தவிர மற்றவற்றை வெளியே எடுக்கும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. மகள் தன் வரைவுகளை எப்போதாவது தொகுத்து வைத்திருந்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.

புகைப்படங்கள். இவை இடைப்பட்ட நிலையில் இருப்பவை. படத்தின் தலைப்பகுதித் தகவல் அழிந்திருக்கும். அதே கேமராவின் வேறொரு படத்திலிருந்து அதை எடுத்துப் பொருத்தினால் படத்தின் மேற்பகுதி போக மீதி தெரியலாம். நிறம் பிசகலாம். நேரம் பிடிக்கும் வேலை என்பதால் மிக முக்கியமான படங்களுக்கு மட்டும் செய்யுங்கள்.

சிறிய வேர்ட் கோப்புகளுக்கு இந்த வழி உதவாது. 150 கிலோபைட்டுக்கும் குறைவானவை முழுவதுமாகவே பூட்டப்பட்டிருக்கும். அவற்றுக்கு வேறு இடங்களில் தேட வேண்டும். மகள் வழிகாட்டிக்கு மின்னஞ்சலில் அனுப்பிய வரைவுகள், நீங்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பிய பிரதிகள், கைபேசியில் பெற்றுப் படித்தவை, பழைய பென் டிரைவ்கள், கேமராவின் மெமரி கார்டு என ஒவ்வொன்றையும் துழாவுங்கள். மெமரி கார்டில் அழித்த படங்களும், அதன்மேல் புதிதாக எதுவும் எழுதப்படாதவரை, மீட்புக் கருவிகளில் கிடைக்கும். மேகச் சேமிப்பில் (இணையத்தில் கோப்புகளை வைக்கும் கிளவுட் சேவையில்) கோப்புகள் தானாக ஏறும்படி வைத்திருந்தால், பூட்டப்பட்ட பதிப்பு அங்கேயும் ஏறியிருக்கும். ஆனால் பல சேவைகள் முந்தைய பதிப்புகளை 30 நாள் வரை வைத்திருக்கின்றன. அந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, எனவே இதை இன்றே பாருங்கள். நிழல் நகல்களை அழிக்கும் கட்டளை சில கணினிகளில் முழுமையாக நிறைவேறாமல் போவதும் உண்டு. ஒரு ஃபோல்டரின் பண்புகளில் 'முந்தைய பதிப்புகள்' காலியாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்ப்பதில் நட்டமில்லை.

கணினியைச் சுத்தம் செய்யும் முன், பூட்டப்பட்ட கோப்புகள் அனைத்தையும் 'ரீட்மீ' கோப்போடும் 'சிஸ்டம்ஐடி' ஃபோல்டரோடும் புதிய டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து வையுங்கள். விண்டோஸைத் துவக்காமல், வேறு கணினியில் தயாரித்த, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம் உள்ள பென் டிரைவிலிருந்து கணினியைத் துவக்கி நகலெடுப்பதே பாதுகாப்பானது. விண்டோஸ் எழாவிட்டால் அந்த ஐந்து நிமிட டாஸ்க்கும் எழாது. இதற்குப் பயன்படுத்திய பென் டிரைவை மட்டும் வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். நகலெடுத்த டிஸ்க்கின் மேல் தேதியையும் அந்த நான்கு எழுத்துகளையும் எழுதி எடுத்துவையுங்கள். ஆஃப்லைன் சாவிகள் பின்னாளில் வெளிவருவதுண்டு. குற்றக் கும்பல்களின் சர்வர்கள் காவல்துறையிடம் சிக்கிச் சாவிகள் கிடைத்த நிகழ்வுகளும் வேறு ரான்சம்வேர் வழக்குகளில் நடந்திருக்கின்றன. அதன் பிறகு டிஸ்க்கை முழுவதுமாக அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். "ஆன்டிவைரஸ் நீக்கிவிட்டது" என்பதை நம்பி அந்தக் கணினியில் மீண்டும் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.

பணம் கட்டலாமா

கட்ட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. முடிவு உங்களுடையது, எனவே காரணங்களையும் சொல்கிறேன்.

ஒரு கோப்பை இலவசமாகத் திறந்து காட்டுவதாக அவர்கள் சொல்வதை நேர்மைக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது சாவி அவர்களிடம் இருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. பணம் வாங்கிய பிறகு கொடுப்பார்கள் என்பதற்கு எந்தப் பிடிமானமும் உங்களிடம் இல்லை. கிரிப்டோவில் அனுப்பிய பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. கொடுத்தாலும் திருடுபோன கடவுச்சொற்கள் திரும்பி வரப்போவதில்லை. அந்த 72 மணிநேரக் கெடுவோ உங்களை யோசிக்கவிடாமல் அவசரப்படுத்துவதற்காக வைத்தது. கெடு தாண்டினால் கேட்கும் தொகை ஏறும் என்பதுதான் மிரட்டல். கோப்புகள் மேலும் கெட்டுப்போவதில்லை. ஐடி எந்த வகை என்று தெரியாமலே பணம் அனுப்பியவர்களில் சிலருக்கு, இலவசமாகவே கிடைத்திருக்கக்கூடிய சாவிக்கு விலை கொடுத்தோம் என்று பிறகு தெரிந்திருக்கிறது.

முன்பணம் கேட்கும் அந்த நபரைப் பற்றி இன்னும் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆன்லைன் சாவியில் பூட்டியதை "எப்படியும் திறந்து தருகிறேன்" என்று உறுதி கூறுபவர் ஒன்று தன் வேலை தெரியாதவர் அல்லது உண்மை சொல்லாதவர். இத்தகையவர்களில் சிலர் உங்கள் கோப்பு ஒன்றைக் குற்றவாளிகளுக்கே அனுப்பி, அவர்கள் இலவசமாகத் திறந்து கொடுத்ததைத் தங்கள் திறமைக்குச் சான்றாக உங்களிடம் காட்டுவார்கள். பிறகு அவர்களோடு பேரம் பேசி, அந்தத் தொகையோடு தங்கள் லாபத்தையும் சேர்த்து உங்களிடம் வசூலிப்பார்கள். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த முறையில் திறக்கப் போகிறீர்கள், அதை எழுத்தில் தருவீர்களா? ஐடியின் முடிவைக்கூடப் பார்க்காமல் உறுதி தந்திருந்தால் அந்த உரையாடலை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். கோப்புகளை மீட்டுத் தர அவர்களால் முடியாமல் போகலாம். ஆனால் உங்கள் கணக்குகளோ அடையாளமோ பின்னர் தவறாகப் பயன்படுத்தப்பட்டால், இன்ன தேதியில் இது நடந்தது என்பதற்கு அந்தப் புகார்தான் ஆதாரம். வாடிக்கையாளர்களிடமும் சொல்லியாக வேண்டும். அவர்கள் நம்பி ஒப்படைத்த ஆவணங்கள் அந்தக் கணினியில் இருந்தன. பிறருடைய தனிப்பட்ட தகவல்கள் வெளியாகியிருக்கக்கூடும் என்றால் குறித்த காலத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பல நாடுகளின் சட்டங்கள் கூறுகின்றன. உங்கள் ஒப்பந்தங்களிலும் அத்தகைய விதி இருக்கலாம், எடுத்துப் படியுங்கள். நடந்தது என்ன, எந்த ஆவணங்கள் இருந்தன, நீங்கள் எடுத்துள்ள நடவடிக்கை என்ன என்று சுருக்கமாக எழுதினால் போதும். வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதைவிட உங்களிடமிருந்தே தெரிந்துகொள்வதை அவர்கள் மதிப்பார்கள்.

எப்போது கண்டுபிடித்திருக்கலாம்

"சாதாரண ஆளான என்னை ஏன் குறிவைத்தார்கள்" என்று கேட்டீர்கள். உங்களைக் குறிவைக்கவில்லை. கிராக் தேடுபவர்கள் வந்து விழும் இடத்தில் வலை விரித்திருந்தார்கள்; யார் விழுகிறார்கள் என்பது அவர்களுக்குப் பொருட்டல்ல.

கண்டுபிடித்திருக்க முடியுமா என்றால், முடியும். அறிகுறிகளின் பயன் நேரத்தோடு தேய்ந்துகொண்டே போகிறது என்பதால் மிகவும் முந்தையதே மிகவும் மதிப்புள்ளது. நிறுவும் முன்பே இரண்டு தெரிந்தன. ஜிப்பின் மேல் கடவுச்சொல் போட்டிருந்தது ஆன்டிவைரஸ் உள்ளே பார்க்கக் கூடாது என்பதற்காக. ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னது, வெளியே எடுத்ததும் அது பிடித்துவிடும் என்பதற்காக. நிறுவிய பின் மென்பொருள் திறக்காமல் அமைதியாகப் போனது மூன்றாவது. நான்காவது அந்த அப்டேட் சாளரம். விண்டோஸ் தன் புதுப்பிப்பைப் பின்னணியிலும், மீண்டும் துவக்கும்போது முழுத்திரையிலும் செய்கிறது. நீங்கள் வேலை பார்க்கும்போது மற்ற சாளரங்களுக்கு நடுவே தனிச் சாளரமாகச் சதவீதம் காட்டிக்கொண்டு நிற்பதில்லை. அந்த நொடியில் கணினியின் மின் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்திருந்தால் பல கோப்புகள் தப்பியிருக்கும். இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் மகளுக்கும் நண்பர்களுக்கும் நீங்கள் சொல்லக்கூடிய, கைக்கொள்ள எளிதான செயல் அது.

கணினி தானாகக் கண்டுபிடிக்கும் வழிகளும் உண்டு. தெரிந்த தீநிரலின் கைரேகையை ஒப்பிடுவது பழைய முறை. இந்தக் கும்பல் வெளி உறையை அடிக்கடி மாற்றுவதால் புதிதாக வந்த ஒன்று சில மணிநேரம் தப்பிவிடலாம். அதனால்தான் நடத்தையைக் கவனிக்கும் முறை முக்கியமாகிறது. ஒரே நிரல் குறுகிய நேரத்தில் நூற்றுக்கணக்கான கோப்புகளைத் திறந்து, மாற்றி எழுதி, பெயரையும் மாற்றினால் அது சந்தேகத்துக்குரியது. நிழல் நகல்களை அழிக்கும் கட்டளை இன்னொரு அபாய மணி; வீட்டுக் கணினியில் அந்தக் கட்டளைக்கு அன்றாடத் தேவை எதுவும் இல்லை. உள்ளடக்கம் திடீரென ஒழுங்கற்ற எண்குவியலாக மாறுவதையும் பாதுகாப்பு மென்பொருள்கள் அளக்கின்றன. ஆனால் புகைப்படமும் வீடியோவும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் இயல்பிலேயே அப்படித்தான் தோன்றும். ஆகவே அந்த ஒன்றை மட்டும் நம்பாமல், கோப்பின் தொடக்கம் அதன் வகைக்குப் பொருந்துகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். சில மென்பொருள்கள் யாரும் தொடாத பொறிக்கோப்புகளை ஃபோல்டர்களில் வைத்து, அவற்றில் கைவைக்கும் நிரலை உடனே நிறுத்துகின்றன.

புதிதாக நிறுவும் விண்டோஸில் 'கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்ற வசதியை இயக்குங்கள். 2017 அக்டோபரில் விண்டோஸ் 10-இல் வந்த இது, அனுமதி பெறாத நிரல்கள் உங்கள் ஆவணங்களையும் படங்களையும் மாற்றவிடாமல் தடுக்கும். தொடக்கத்தில் அணைந்தே இருக்கும் என்பதால் நீங்களாகத்தான் இயக்க வேண்டும். நீங்கள் பயன்படுத்தும் நல்ல மென்பொருள்களையும் அது ஓரிரு முறை தடுக்கும். எரிச்சலில் அணைத்துவிடாமல் அவற்றுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். கோப்புப் பெயரின் பின்னொட்டு எப்போதும் தெரியும்படியும் வைத்துக்கொள்ளுங்கள். காப்புநகல் டிஸ்க்கை நகலெடுக்கும் நேரம் தவிர மற்ற நேரத்தில் கழற்றி வையுங்கள். இரண்டாவது பிரதி ஒன்று வேறு இடத்தில் இருக்கட்டும். உங்களிடம் காப்புநகல் இருந்தது, அது பலரிடம் இருப்பதில்லை. ஒரே ஒரு பிரதியாக இருந்ததும், கணினி சுத்தமாகும் முன் அதைச் செருகியதும்தான் கைவிட்டன.

கடவுச்சொற்களை மாற்றிவிட்டு, லினக்ஸ் பென் டிரைவ் வழியாக அந்த 'சிஸ்டம்ஐடி' ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். முழு ஐடியை யாரிடமும் பகிர வேண்டியதில்லை. அது எந்த இரண்டு எழுத்துகளில் முடிகிறது, கோப்புகளின் பின்னால் ஒட்டிய நான்கு எழுத்துகள் என்ன, மகளின் வரைவு எந்த அளவுள்ள கோப்பு என்ற மூன்று விவரங்களை மட்டும் எழுதி அனுப்புங்கள். அவற்றைப் பார்த்து, அந்த வரைவை எந்த வழியில் தேடுவது என்று உங்களுக்கு மீண்டும் எழுதுகிறேன்.